மகுடேஸ்வரன் ஈரல் வாங்கிய மார்க்கு

திருப்பூரில் மது வாசனையே படாத ஆண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் தான் அப்படிப்பட்ட ஒருவன் என்பதை ஊரில் ஓர் ஆள் பாக்கியில்லாமல் சொல்லிவைத்திருந்தவர் மகுடேஸ்வரன்தான்.

சொந்த ஊர் குண்டடம் பக்கம். இளம் வயதிலேயே திருப்பூருக்கு வந்து, நாலைந்து பேரிடம் வேலை பார்த்து, பிறகு மங்கலம் ரோட்டுச் சந்து ஒன்றில் சொந்தமாக ஒரு காம்பேக்டிங் யூனிட் போட்டார். சாயமேறி வரும் பனியன் துணிக்கு ஆவி காட்டி, அழுத்தி, தைத்தபின் சுருங்காதபடி பதம் செய்து தருகிற வேலை. வீடு ராயபுரத்தில். மனைவி வள்ளியாத்தாள். மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. ஐம்பதைத் தாண்டிய மனிதர், வெள்ளைச் சட்டை, சட்டையின் நடுப்பட்டனுக்கு மட்டும் எப்போதும் கொஞ்சம் கூடுதல் பாரம்.

திங்கட்கிழமை காலைகளில் அவர் யூனிட் வாசலில் நிற்பார். உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும், "சாப்புட்டாச்சா?" என்று கேட்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள், முதலாளிக்கு நம்மேல் எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோவார்கள். "ஆச்சுங்க" என்று அவர்கள் வாயைத் திறந்ததும் முதலாளியின் மூக்கு ஒரு சாண் முன்னால் வரும். ஞாயிற்றுக்கிழமையின் மிச்சம் ஏதாவது அந்த 'ஆ'வில் இருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அரைமணி நேரம் உபதேசம். மெஷின் ஓட்டும் தவசிக்கு மட்டும் இந்தச் சங்கதி பிடிபட்டிருந்தது. அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவர், வேலையில் கெட்டி, மாலையில் கால் தானாகக் கடைப்பக்கம் போய்விடும். கேள்வி வந்ததும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.

கல்யாண மண்டபங்களிலும் மகுடேஸ்வரனுக்கு வேலை இருந்தது. பின்பக்கம் கார் டிக்கி திறக்கும் சத்தம் கேட்டால் போதும், பந்தியில் இருந்தாலும் எழுந்து போய்விடுவார். அங்கே பெரும்பாலும் அகப்படுகிறவர் அவருடைய மச்சினன் சுப்பண்ணன். "மாப்ளை, ஈரல் கல்லாப் போயிருமாமா" என்று தொடங்குவார். சுப்பண்ணன் கிளாஸை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "செரீங்க மச்சான், செரீங்க மச்சான்" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு கிளாஸை முன்னால் கொண்டுவருவார்.

இவ்வளவு ஒழுக்கமான மனிதருக்கு ஒரே ஒரு இளைப்பாறுதல் இருந்தது. பேக்கரி. யூனிட்டுக்கு எதிரிலேயே அது இருந்தது அவர் செய்த புண்ணியம். துணி கொடுக்கும் பார்ட்டி வந்தால் பேக்கரி. லாரி தாமதமானால் பேக்கரி. கரண்ட் போனால் பேக்கரி. கரண்ட் வந்தால் அந்தச் சந்தோஷத்துக்கும் பேக்கரி. கெட்டி டீ, சர்க்கரை தூக்கலாக. கூட ஒரு தேங்காய் பன்னோ, ஜாம் ரோலோ, சூடாக இருந்தால் ஒரு பப்ஸோ. இதையெல்லாம் அவர் சாப்பாடு என்று நினைத்ததே இல்லை. சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்.

போன வருடம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அந்தப் பகுதியில் ஜாப்வொர்க் யூனிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறிய சங்கம் உண்டு. அதன் கூட்டத்தில் எழுந்து, "வருசா வருசம் கண்ணு முகாம் போடறோம். இந்த வருசம் ஈரல் முகாம் போடலாங்க" என்றார். கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று வயிற்றைக் கீறாமல், ஊசி போடாமல், ஒலி அலையை வைத்தே அளந்து சொல்கிற மெஷின் ஒன்று வந்திருப்பதாக அவர் யாரிடமோ கேள்விப்பட்டிருந்தார். நித்யஸ்ரீ என்ற கல்லீரல் டாக்டரிடம் அது இருந்தது. நேரில் போய் அழைத்தார்.

"குடிக்கறவனுக்கெல்லாம் ஈரல் எப்படி இருக்குதுன்னு நெம்பரோட காட்டோணுங்க டாக்டர். நான் வாயில சொன்னா ஒருத்தனும் நம்பறதில்லீங்க."

"குடிக்கறவங்களுக்கு மட்டுமில்ல சார், எல்லாருமே பார்த்துக்கலாம்" என்றார் டாக்டர்.

"பார்க்கலாம் பார்க்கலாம். முதல்ல நான் படுக்கறேன். நல்ல ஈரல் எப்படி இருக்கும்னு அவனுகளுக்குத் தெரியோணுமல்லங்க?"

முகாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்து ஹாலில் நடந்தது. மகுடேஸ்வரன் காலையிலிருந்தே பம்பரமாகச் சுற்றினார். நாற்காலி போட்டார், திரை கட்டினார், டாக்டரம்மா கொடுத்தனுப்பியிருந்த விளக்கப் படத்தைத் தன் கையாலேயே சுவரில் ஒட்டினார். படிக்கத்தான் நேரமில்லை. டாக்டர் குழுவுக்குப் பலகாரம் வாங்கும் பொறுப்பும் அவருடையதுதான். பேக்கரிக்குப் போனவர், பன் இன்றைக்குப் போட்டதுதானா என்று தெரிந்துகொள்ள ஒன்றைச் சாப்பிட்டுப் பார்த்தார். நன்றாக இருந்ததால் இன்னொன்று. தொண்டை அடைத்ததால் ஒரு டீ.

மெஷினை இயக்குகிற பெண் ரிஃபானா. திருப்பூர்ப் பெண்தான், அவளுடைய அப்பா பனியன் கழிவுத்துணி வியாபாரம் செய்பவர். படுக்கப்போன மகுடேஸ்வரனிடம் முறைப்படி கேட்டாள்.

"மூணு மணி நேரமா வெறும் வயித்தோட இருக்கீங்களா சார்?"

"பச்சைத் தண்ணி பல்லுல படலைங்க கண்ணு."

அது உண்மைதான். பட்டது டீ.

வலது கையைத் தலைக்கு மேலே மடித்து வைக்கச் சொன்னாள். விலாவில் குளிர்ந்த ஜெல்லைத் தடவினாள். டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். டொக் என்று ஒரு சுண்டு. அப்புறம் இன்னொன்று. யாரோ விரலால் சுண்டிவிட்டுச் சுண்டிவிட்டுப் பார்ப்பதுபோல இருந்தது, வலி எதுவும் இல்லை. சுண்டி முடித்ததும் திரையில் ஓர் எண் நின்றது. பன்னிரண்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, கொஞ்சம் சில்லறை.

ரிஃபானா எண்ணைக் குறித்துக்கொண்டாள். "டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க சார்" என்றாள்.

மகுடேஸ்வரன் அதற்குள் எழுந்து திரையைப் பார்த்துவிட்டார். ஜெல்லைத் துடைத்தபடியே துணித்திரையை விலக்கி ஹாலைப் பார்த்து அறிவித்தார்.

"பன்னெண்டு!"

ஹாலில் இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்கும் தெரியாது.

அடுத்துப் போனவர் சுப்பண்ணன். வெளியே வந்ததும் மகுடேஸ்வரன் வழிமறித்தார்.

"எத்தனை மாப்ளை?"

"அஞ்சுங்க மச்சான்."

"அஞ்சுதானா?" மகுடேஸ்வரன் குரலில் உண்மையான துக்கம் இருந்தது. தோளில் கை போட்டார். "வெசனப்படாதே. நான் அப்பவே சொன்னேன், நீ கேக்கலை. இன்னையோட விட்டுப்போடு. அடுத்த வருசம் ஒரு எட்டாச்சும் வாங்கிப்போடலாம்."

மூன்றாவது ஆள் ஆறு. நாலாவது ஆள் நாலரை. மகுடேஸ்வரன் ஒவ்வொருவருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்தப் பகுதியே இப்படிக் குடித்துக் கெட்டுப்போயிருக்கிறதே என்று அவருக்குத் தாங்கவில்லை. தவசியைத் தேடினார். அவர் முகாம் தொடங்கும் முன்பே, ஊரிலிருந்து உறவுக்காரர் வருகிறார் என்று பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தார்.

சுப்பண்ணனுக்குத்தான் மனசு ஆறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார். எழுந்து கிட்டப்போய் விரல் வைத்து வாசித்தார். ஏழுக்குக் கீழே பச்சை. அதற்கு மேலே மஞ்சள். பத்தைத் தாண்டினால் சிவப்பு. எண் ஏற ஏற ஈரல் விறைப்பு கூடுதல் என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"மச்சான்" என்று கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லில் இருபது வருடத்துக் கல்யாண மண்டபங்கள் எல்லாம் இருந்தன. "சித்தெ இங்க வாங்க."

அதேநேரம் டாக்டரும் அவரைத் தேடி வந்துவிட்டார். "மகுடேஸ்வரன் சார், உள்ள வாங்க. தனியாப் பேசணும்."

அவர் உள்ளே போய் வருவதற்குள் வெளியே எல்லாரும் படத்தை வாசித்து முடித்திருந்தார்கள். எல்லாரும் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அதுதான் பயங்கரமாக இருந்தது.

ராயபுரத்துக்கு அவர் போய்ச் சேரும் முன்பே சேதி போய்விட்டது. வள்ளியாத்தாள் வாசலிலேயே நின்றாள்.

"ஊதுங்க" என்றாள்.

"என்ன?"

"ஊதுங்கன்னு சொன்னேன்."

மகுடேஸ்வரன் வாழ்க்கையில் முதல்முறையாக ஊதினார். தேங்காய் பன் வாசனைதான் வந்தது. அவளுக்கு அது போதவில்லை. ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து பார்த்தாள். அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் பார்த்தாள். ஒன்றும் அகப்படாதபோது சந்தேகம் இன்னும் வலுத்தது. "இத்தனை நாளு அகப்படாம இருந்தவரு இப்ப அகப்படற எடத்துலயா வெச்சிருப்பாரு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"குண்டடம் கோயில்ல சூடம் அடிச்சுச் சத்தியம் பண்றேன் வள்ளி. ஒரு சொட்டு தொட்டதில்லை."

"அப்பறம் அந்த மிஷினுக்கு உங்க மேல என்னங்க பகை?"

அவருக்கும் அதே கேள்விதான்.

பொழுதோடு சுப்பண்ணன் வந்தார். அக்காவின் காதில் விழாத தூரத்துக்கு மச்சானை நகர்த்திக்கொண்டுபோய், மிகவும் தணிந்த குரலில், மிகுந்த பாசத்தோடு கேட்டார்.

"எந்தக் கடைங்க மச்சான்? எங்கிட்டச் சொல்லக்கூடாதா? ஒட்டுக்காப் போயிருக்கலாமல்லங்க?"

மகுடேஸ்வரனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுப்பண்ணன் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு முதுகைத் தடவிக் கொடுத்தார்.

மறுநாள் யூனிட்டில் நிலைமை அதைவிட மோசம். யாரும் கேலி செய்யவில்லை. எல்லாருடைய முகத்திலும் ஒரு மரியாதை தெரிந்தது. இத்தனை வருடமாக வாசனையே வராமல் ஒரு மனிதன் குடித்திருக்கிறார் என்றால் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரர்! துணி மடிக்கும் ஒடிசாக்காரர்கள் அவரைக் கண்டதும் புதிதாக ஒரு சலாம் வைத்தார்கள். மூத்த ஆபரேட்டர் ஒருவர் ஆவி மெஷின் மறைவில் நின்று, "ஏலக்காய்ங்களா முதலாளி, இல்லாட்டி கிராம்புங்களா?" என்று தொழில் ரகசியம் கேட்டார். அன்றைக்கு மகுடேஸ்வரன் வாசலில் நிற்கவில்லை. ஆபீஸ் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வாரமே வள்ளியாத்தாளையும் கூட்டிக்கொண்டு டாக்டர் நித்யஸ்ரீயிடம் போனார். உட்கார்ந்ததும் கேட்டார்.

"எனக்கு ஒரு லெட்டர் வேணுங்க டாக்டர். இவன் குடிகாரன் இல்லைன்னு உங்க லெட்டர்பேடுல எழுதி சீல் வெச்சுக் குடுத்தீங்கன்னா போதும்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நீங்க குடிக்கறீங்கன்னு நான் சொல்லவே இல்லையே சார். அன்னைக்கே சொன்னேன், நீங்கதான் கேக்கற நிலைமையில இல்லை. குடிச்சாலும் ஈரல் விறைக்கும். கொழுப்பு சேர்ந்தாலும் விறைக்கும். மஞ்சக்காமாலைக் கிருமி சிலது பல வருசம் உள்ளேயே இருந்தாலும் விறைக்கும். ஏன் விறைச்சுதுன்னு இந்த மெஷின் சொல்லாது. எவ்வளவு விறைச்சிருக்குன்னு மட்டும்தான் சொல்லும்."

வள்ளியாத்தாள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அதெப்படிங்க, உள்ள பார்க்காமயே சொல்லுது?"

"அது டொக்குனு சுண்டுதில்லையா, அந்தச் சுண்டு ஈரலுக்குள்ள ஒரு அலையா ஓடும். ஈரல் மெத்துன்னு இருந்தா அலை மெதுவாப் போகும். விறைப்பா இருந்தா வேகமா ஓடும். ஸ்கேன்ல விடற ஒலி அந்த அலையைத் துரத்திட்டே போய் வேகத்தைப் பார்த்துச் சொல்லிரும். அவ்வளவுதான்."

மகுடேஸ்வரன் யோசித்தார். "அப்ப ஈரலோட ஜிஎஸ்எம் ஏறிப்போச்சுங்களா டாக்டர்?"

டாக்டருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற ரிஃபானாவுக்குப் புரிந்துவிட்டது. "துணி எடையைச் சொல்றாருங்க மேடம். கனமான துணியான்னு கேக்கறாரு" என்றவள், அவர் பக்கம் திரும்பி, "கனம் வேற, விறைப்பு வேறைங்க சார். இது கஞ்சி போட்ட துணி மாதிரி" என்றாள்.

"அய்யோ" என்றார் மகுடேஸ்வரன். பனியன் துணி கஞ்சி போட்டதுபோல வந்தால் பார்ட்டி என்ன சொல்வான் என்று அவருக்குத் தெரியும்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைப் பார்த்தார். கிருமி எதுவும் இல்லை. "அன்னைக்கு முகாமுக்கு வரும்போது வெறும் வயிறுதானே சார்?"

"ஆமாங்க. ஒண்ணும் சாப்புடலைங்க. டீ மட்டும்."

"டீயா?"

"அதுகூட அந்த பன்னு தொண்டையில நின்னுக்கிச்சுன்னுதானுங்க."

"எத்தனை பன்?" இதைக் கேட்டது வள்ளியாத்தாள்.

அப்புறம் டாக்டர் எதுவும் கேட்கவேண்டியிருக்கவில்லை. வள்ளியாத்தாளே கேட்டுக்கொண்டாள். காலையில் யூனிட் திறந்ததும் என்ன, பதினொரு மணிக்கு என்ன, சாயந்திரம் தள்ளுவண்டிக் காளான் வறுவல் கடை பக்கம் போவதுண்டா, ஜாம் ரோல் யாருக்கு வாங்கினீர்கள். மகுடேஸ்வரன் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார். நடுவில் ஒருமுறை, "பப்ஸு காய்கறிதானுங்க" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் அதைச் சட்டை செய்யவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தால் ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடி, எண் நிஜத்தைவிட ஏறித் தெரியும் என்றார் டாக்டர். மறுநாள் காலை உண்மையாகவே வெறும் வயிற்றோடு வரச் சொன்னார். வள்ளியாத்தாள் காவலுக்கு வந்தாள். பேக்கரி இருக்கும் பக்கமாக ஆட்டோ போகாமல் பார்த்துக்கொண்டாள். இந்தத் தடவை எண் ஒன்பதில் நின்றது.

"குறைஞ்சுருச்சு!" என்றார் மகுடேஸ்வரன். எண் இறங்கினால் சந்தோஷப்பட வேண்டும் என்பது இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது.

"குறைஞ்சிருக்கு. ஆனா இதுவும் நல்ல ஈரல் இல்லை சார்" என்றார் டாக்டர். "கொழுப்பு நிறையப் படிஞ்சிருக்கு. விறைக்கவும் ஆரம்பிச்சிருக்கு. இப்படியே விட்டா பத்துப் பதினஞ்சு வருசத்துல, வருசக்கணக்காக் குடிச்சவங்களுக்கு வர்ற அதே நிலைமை உங்களுக்கும் வரலாம்."

"நான் குடிக்கவே இல்லைங்களே டாக்டர்."

"ஈரலுக்கு நீங்க நல்லவரா கெட்டவரான்னெல்லாம் தெரியாதுங்க சார்."

அந்த வாக்கியம் மகுடேஸ்வரனைப் பிடித்துக்கொண்டது. வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகும் அதையே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளியாத்தாளுக்கோ ஒரு பக்கம் பெரிய நிம்மதி, இன்னொரு பக்கம் பயம். இரண்டும் சேர்ந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வரும். "பன்னைத் தின்னு ஈரலைக் கெடுத்த மனுசன் இந்த ஜில்லாவுலயே நீங்கதானுங்க" என்றாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

அதற்கப்புறம் ராயபுரம் வீட்டில் ஆட்சி மாறியது. டீயில் சர்க்கரை நின்றது. இரவுச் சாப்பாடு இருட்டும் முன்பே முடிந்தது. தினமும் காலையில் மகுடேஸ்வரன் நடக்கப் போனார். வள்ளியாத்தாள் பின்னாலேயே வந்தாள், துணைக்கு என்று சொல்லிக்கொண்டு. பேக்கரிக்காரர் முதல் வாரம் உடம்பு சரியில்லையோ என்று நினைத்தார். இரண்டாம் வாரம் தன் பன்னில் ஏதாவது குறையோ என்று கலங்கி, யூனிட்டுக்கே ஒரு டப்பாவைக் கொடுத்தனுப்பினார்.

அந்த டப்பாதான் மகுடேஸ்வரனை வீழ்த்தியது. ஆபீஸ் அறையில் வைத்தால் யாராவது பார்ப்பார்கள் என்று துணி ரோல்கள் அடுக்கியிருந்த மூலைக்கு எடுத்துப்போனார். நின்றுகொண்டே, ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு ஜாம் ரோலை வாயில் வைத்தார். துணி ரோல் எடுக்க வந்த தவசி அங்கே நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"சாப்பிட்டாச்சா மொதலாளி?" என்றார் தவசி.

மகுடேஸ்வரனால் வாயைத் திறக்க முடியவில்லை. தலையை ஆட்டினார்.

தவசி சிரித்தார். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டு, பக்கத்து ரோல் மேல் உட்கார்ந்தார். "எனக்கும் இப்படித்தான் மொதலாளி. இன்னைக்கு வேணாம்னுதான் காலையில எந்திரிக்கேன். சாயங்காலம் பார்த்தா கடை வாசல்ல நிக்கேன். யாரு கூட்டிட்டு வந்தாகன்னே தெரியல."

இருபது வருடமாக மகுடேஸ்வரன் குடிக்கிறவர்களிடம் பேசியிருக்கிறார். அவர்கள் பேசி அவர் கேட்டது இதுதான் முதல் தடவை. மிச்சமிருந்த ஜாம் ரோலை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"முகாமுக்கு ஏன் வரலை தவசி?"

"பயம்தான். என்னன்னு தெரியாத வரைக்கும் ஒண்ணுமில்லைன்னு நெனைச்சுக்கிடலாம்ல? கொஞ்ச நாளா வயிறு ஊதுனாப்புல இருக்கு. கால்ல வீக்கம் வருது. வீட்டுல சொல்லல."

மகுடேஸ்வரனுக்கு நாக்கு நுனிவரை உபதேசம் வந்துவிட்டது. ஈரல் கல்லாகிவிடும் என்கிற அந்தப் பழைய முதல் வரிதான். ஆனால் கையில் ஜாம் ரோல் இருக்கும்போது அதைச் சொல்ல வரவில்லை. "என்ற கூட வாங்க" என்றார். தவசியை அவர் வாங்க என்று அழைத்ததும் அன்றைக்குத்தான். "நாளைக்குக் காலையில போலாம். வெறும் வயித்தோட வரோணும். டீகூடக் கூடாது. அதுல எனக்கு அனுபவம் இருக்குது."

மறுநாள் இரண்டு பேரும் போனார்கள். ரிஃபானா சுண்டி முடித்ததும் தவசி திரையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். டாக்டர் அவரை மட்டும் உள்ளே அழைத்து வெகுநேரம் பேசினார். மகுடேஸ்வரன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எத்தனை என்று யாரிடமும் கேட்கவில்லை. சும்மா இருப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை, வியர்த்துவிட்டது.

தவசி வெளியே வந்து தானாகவே சொன்னார். "பதினெட்டாம் மொதலாளி. இன்னும் ரெண்டு டெஸ்ட் எடுக்கணுமாம். ஈரல் சுருங்கி சிரோசிஸ் ஆயிருக்கும் போலன்னாக. ஆனா இன்னைக்கோட நிறுத்துனா இருக்கறதக் காப்பாத்திக்கிடலாம்னும் சொன்னாக."

"நிறுத்திரலாம்" என்றார் மகுடேஸ்வரன்.

"நீங்க ஜாம் ரோலை நிறுத்திட்டீகளா?"

"இல்லை" என்றார். பெஞ்சிலிருந்து எழுந்து, "நிறுத்தோணும்" என்றார்.

அது சுலபமாக நடந்துவிடவில்லை. தவசியை அரசு ஆஸ்பத்திரியில் குடியை விடுவதற்கென்று இருக்கும் வார்டில் சேர்த்தார்கள். வந்த பிறகு நன்றாக இருந்தார். பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில் சறுக்கினார். திரும்பி வந்து தலை குனிந்து நின்றார். மகுடேஸ்வரன், "நானும் பொங்கலுக்கு மக ஊட்டுல மைசூர்பாக்குத் தின்னுட்டேன்" என்றார். மறுபடியும் வார்டு. இந்தமுறை தவசியின் மனைவி கூடவே இருந்தார். இதுவரைக்கும் தாக்குப்பிடிக்கிறார். கால் வீக்கம் வடிந்துவிட்டது. டாக்டர் கொடுத்த தேதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடுவதில்லை. ஈரல் பழையபடி மெத்தென்று ஆகிவிடாது என்று அவருக்குத் தெரியும். மாலை நேரங்களில் யூனிட் சாத்தியதும் முதலாளியும் அவரும் ஒன்றாக நடக்கிறார்கள். கடைகள் இல்லாத ரோடாகத் தேடிப் பிடித்தது வள்ளியாத்தாள். பேக்கரியும் இருக்கக்கூடாது, ஒயின்ஷாப்பும் இருக்கக்கூடாது என்பதால் கொஞ்சம் சுற்று வழி.

மகுடேஸ்வரனுக்கு எடை இறங்கியது. நடுப்பட்டனின் பாரம் குறைந்தது. ஈரல் ஏழுக்கு வந்தது. டாக்டர் பாராட்டினார். அந்த ஒரு பாராட்டு போதாதா? உபதேசம் திரும்ப வந்துவிட்டது. இப்போது கல்யாண மண்டபத்தில் அவர் பின்பக்கம் போவதில்லை. பந்தியிலேயே, ஜிலேபி வைக்கிற ஆளுக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறார். "ரெண்டாவதுங்களா அண்ணா?" என்று அவர் கேட்டால் யாருக்கும் தொண்டையில் இறங்குவதில்லை. சுப்பண்ணனோ தன் அஞ்சை இன்னும் விடவில்லை. போனில் அந்த ரிப்போர்ட்டைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, கார் டிக்கி பக்கம் எல்லாருக்கும் காட்டினார். ஒருமுறை டாக்டர் நித்யஸ்ரீயிடமே காட்டப்போய், "இது லைசென்ஸ் இல்லைங்க சார், அன்னைக்கு நிலைமைதான். இப்படியே போனா அடுத்த தடவை வேற நெம்பர் வரும்" என்று வாங்கிக்கட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து கிளாஸின் அளவு பாதியாகிவிட்டதாகச் சொல்கிறார். பாதியை யாரும் அளந்து பார்க்கவில்லை.

இந்த வருடமும் சங்கத்தில் முகாம் போட்டார்கள். இந்தமுறை பெண்களும் வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். கூட்டம் வந்துவிட்டது. பனியன் செக்கிங் டேபிளில் நாளெல்லாம் நிற்கிற பெண்கள், யூனிட்காரர்களின் மனைவிமார்கள், ரிஃபானா கூட்டிவந்த அவளுடைய சின்னம்மா ஷரீபுன்னிசா. மகுடேஸ்வரன் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். வள்ளியாத்தாள் நேற்றுவரை, "எனக்கெதுக்குங்க? நானென்ன பேக்கரியிலயா குடியிருக்கறேன்?" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், காலையிலிருந்து பேசிப் பழகிவிட்ட ஷரீபுன்னிசா வந்து கையைப் பிடித்து இழுத்ததும் உள்ளே போய்ப் படுத்தாள்.

துணித்திரைக்கு வெளியே மகுடேஸ்வரன் நின்றார். உள்ளே டொக், டொக் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டோக்கன் வாங்க வந்தவர்களை அவர் கவனிக்கவில்லை. தனக்குப் பன்னிரண்டு என்று தெரிந்த அன்றைக்குக்கூட அவருக்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லை. இத்தனை நாளும் தன்னைக் காவல் காத்தவளை யாரும் கவனிக்கவில்லையே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வள்ளியாத்தாள் சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். பின்னால் வந்த ரிஃபானாவின் முகம் சிரித்தபடி இருந்ததால் அவருக்குப் பாதி உயிர் வந்தது.

"எத்தனை வள்ளி?"

"அது என்ற ஈரலுங்க. உங்களுக்கெதுக்கு?" என்றவள், ஷரீபுன்னிசாவின் தோளில் கைபோட்டுக்கொண்டு டீ கொடுக்கும் மேஜைப் பக்கம் நடந்தாள்.